செர்னில் கோடை இன்டர்ன்ஷிப்: துகளைத் தேடப் போய் ஃபைலைத் தேடுவது

துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னில் கோடைகால இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் சொன்னால், அடுத்த நிமிஷம் வரும் கேள்வி "அப்போ அந்தக் கடவுள் துகளைப் பார்ப்பியா?" என்பதுதான். பார்க்க மாட்டார். கம்ப்யூட்டிங் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தால் அவர் பார்க்கப்போவது பெரும்பாலும் ஒரு கறுப்பு டெர்மினல் திரை, அதில் ஓடும் ஒரு லாக் ஃபைல், ஆயிரம் ஃபைல் டிரான்ஸ்ஃபர் ஒழுங்காகப் போயிருக்க இந்த ஒன்று மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்ற கேள்வி, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் ஒரு கல்லூரி மாணவருக்கு அங்கே கிடைக்கக்கூடிய வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிஸ்-பிரெஞ்சு எல்லையில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் 1962-லிருந்து கோடையில் மாணவர்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் அது இயற்பியல் மாணவர்களுக்கானது. பிறகு பொறியியல், கணினி மாணவர்களும் சேர்ந்தார்கள். 2001-இல் ஓப்பன்லேப் என்று ஒரு அமைப்பு உருவானது. இன்டெல், ஆரக்கிள், சீமென்ஸ் மாதிரியான கம்பெனிகளோடு சேர்ந்து செர்னின் கணினித் தேவைகளுக்குப் புதிய தொழில்நுட்பங்களைச் சோதித்துப் பார்ப்பது அதன் வேலை. அந்த ஓப்பன்லேப்பும் ஒன்பது வாரத்துக்கு ஒரு கோடை மாணவர் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வரும், எடுப்பது சில பத்துப் பேரை.

ஒரு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இவ்வளவு கணினி ஆட்கள் எதற்கு? பூமிக்கு அடியில் முடுக்கி எனப்படும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான் கற்றைகள் எதிரெதிராக ஓடுகின்றன. மோதும் இடங்களில் அவை ஒன்றையொன்று கடப்பது நொடிக்கு 4 கோடி முறை. ஒவ்வொரு முறையும் மோதலைப் பதிவு செய்யும் டிடெக்டர் எடுக்கும் "படம்" சுமார் 1 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 40 டெராபைட் வரும், இதை முழுசாக எழுதிவைக்க உலகத்தில் எந்த டிஸ்க்காலும் முடியாது. அதனால் டிரிகர் எனப்படும் வடிகட்டிகள் அந்தக் கணத்திலேயே முடிவெடுத்து, நொடிக்கு ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் மோதல்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. வடிகட்டிய பிறகு மிஞ்சுவதே மலையாகக் குவிகிறது. 2023 செப்டம்பரில் செர்னின் டிஸ்க் கொள்ளளவு 1 எக்ஸாபைட்டைத் தாண்டியது, அதாவது பத்து லட்சம் டெராபைட். அதற்குப் பின்னால் இருப்பவை சுமார் 1,11,000 சாதனங்கள், பெரும்பாலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள். இவ்வளவு டிஸ்க் இருக்கும் இடத்தில் அவ்வப்போது ஏதாவது ஒன்று செத்துக்கொண்டுதான் இருக்கும்; அதை ஒரு விபத்தாகப் பார்க்காமல் தினசரி நடப்பாக எடுத்துக்கொண்டுதான் மொத்த அமைப்பையும் கட்டியிருக்கிறார்கள். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியது காந்த டேப்பில் போகிறது. ஆமாம், டேப்தான். மலிவு, சும்மா இருக்கும்போது மின்சாரம் குடிக்காது, பல ஆண்டு தாங்கும்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் வைத்து அலச முடியாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால், 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் சுமார் 170 கணினி மையங்களை இணைத்து ஒரு கிரிட் கட்டினார்கள். செர்ன் முதல் அடுக்கு, பெரிய தேசிய மையங்கள் அடுத்தது, பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அதற்கடுத்தது. நம் நாட்டில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அந்த வளையத்தில் நடக்கும் சிஎம்எஸ் பரிசோதனைக்கும், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் பரிசோதனைக்கும் இந்த அடுக்கில் மையங்களை நடத்துகின்றன. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகள் (அந்தக் கடவுள் துகள்தான்) அறிவிப்பு வந்த நாளில் அப்போதைய தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹாயர் மூன்று விஷயங்களால்தான் இது முடிந்தது என்றார்: முடுக்கி, பரிசோதனைகள், கிரிட் கம்ப்யூட்டிங். முதல் இரண்டைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. மூன்றாவதைப் பற்றி யாரும் வீட்டில் கேட்பதில்லை.

இங்கேதான் ருசியோ வருகிறது. அட்லாஸ் பரிசோதனைக்காக எழுதப்பட்டு இப்போது சிஎம்எஸ் உட்படப் பல பரிசோதனைகள் பயன்படுத்தும் டேட்டா மேலாண்மை மென்பொருள் அது. அட்லாஸ் ஒன்றுக்கு மட்டும் 100 கோடிக்கும் மேற்பட்ட ஃபைல்கள், நூற்றுக்கும் அதிகமான மையங்களில் பரவிக் கிடக்கின்றன. எது எங்கே இருக்கிறது, எத்தனை பிரதி இருக்கிறது, யார் கேட்டார்கள், எப்போது அழிக்கலாம் என்று எல்லாவற்றையும் இது கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆட்கள் ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்து உத்தரவு போடுவதில்லை. "இந்த டேட்டாசெட்டுக்கு ஐரோப்பாவில் இரண்டு பிரதி, ஆறு மாதத்துக்கு" என்கிற மாதிரி ஒரு விதியை எழுதினால் பின்னணியில் ஓடும் டீமன்கள் என்ற சிறு புரோகிராம்கள் அதை நடத்திக்கொடுக்கும். அந்த டீமன்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே எழுதியவர்களின் மனநிலை புரிந்துவிடும்: அழிப்பதற்கு ரீப்பர், விதிகளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல ஜட்ஜ், கெட்டுப்போன பிரதிகளை மீட்க நெக்ரோமேன்சர்.

கணக்கு என்று வந்தால் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகாத நாள் வந்தே தீரும். ஒரு மையத்தின் டிஸ்க்கில் ஃபைல் இருக்கும், ஆனால் ருசியோவின் பதிவேடான கேட்டலாகில் அதற்குப் பதிவே இருக்காது. இதை டார்க் டேட்டா என்பார்கள், யாரும் பயன்படுத்த முடியாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு வகை இதற்கு நேர் எதிர்: கேட்டலாகில் பதிவு இருக்கும், போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்காது. இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அதை நம்பி ஒரு மாணவி ஹாம்பர்கிலோ சிகாகோவிலோ உட்கார்ந்து பத்தாயிரம் ஜாப்களை அனுப்பியிருப்பாள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அதனால் ஒவ்வொரு மையமும் அவ்வப்போது தன்னிடம் இருப்பதை எல்லாம் பட்டியல் எடுக்க வேண்டும், அதைக் கேட்டலாகோடு ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டியல் எடுத்து முடிப்பதற்குள் சில ஃபைல்கள் வந்திருக்கும், சில போயிருக்கும். ஆகவே பட்டியலுக்கு முந்தைய நிலவரத்தையும் பிந்தைய நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டிலும் இல்லாததை மட்டும்தான் டார்க் என்று முத்திரை குத்தலாம். அவசரப்பட்டு அழித்துவிட்டால் அழித்தது யாருடைய முனைவர் பட்டமாகவும் இருக்கலாம்.

இன்டர்ன்களுக்குக் கொடுக்கும் வேலை இந்த ரகம். ஒப்பீட்டை வேகமாக்குவது, தோற்ற டிரான்ஸ்ஃபர்களைக் காரணவாரியாகப் பிரிப்பது, எந்த டிஸ்க் சாகப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்க முடியுமா என்று பார்ப்பது, துகள் தடங்களைக் கணக்கிடும் ஒரு புரோகிராமை ஜிபியு எனப்படும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு மாற்றி எவ்வளவு வேகம் கூடுகிறது என்று அளப்பது, டேட்டாசெட்டுகளோடு வரும் விவரக் குறிப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் கருவி எழுதுவது. கேட்க ஜிலுஜிலுப்பாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு பௌதிக அளவீட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கொண்டுபோக ஆண்டுகள் ஆகும், வெளிவரும் கட்டுரையில் 3,000 பேர் பெயர் இருக்கும். 2015-இல் அட்லாஸும் சிஎம்எஸ்ஸும் சேர்ந்து ஹிக்ஸ் நிறையை அளந்த கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேல். அதற்குள் ஒன்பது வாரத்துக்கு நுழைகிற மாணவர் என்ன செய்ய முடியும்? ஒரு வரைபடத்தை நாலு விதமாக வரைந்து கொடுத்துவிட்டு வரலாம். ஃபைல் வேலை அப்படி இல்லை. அதற்கு எல்லை உண்டு, ஜூலையில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடிக்கலாம், முடித்தது ஓடுகிறதா இல்லையா என்று அந்த நிமிஷமே தெரியும்.

இதற்கு நான் காட்டும் சாட்சி நிக்கோலா பெல்லோ. 1990 நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பாலிடெக்னிக்கிலிருந்து, படிப்பின் நடுவே வேலைப் பயிற்சிக்காகச் செர்னுக்கு வந்த கணித மாணவி. அப்போது டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை (வெப்) உருவாக்கிக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய பிரவுசர் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும், அந்த கம்ப்யூட்டரோ விலை அதிகம், வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். பெல்லோவுக்குக் கொடுத்த வேலை, எந்தக் கணினியிலும் எந்த மட்டமான டெர்மினலிலும் ஓடக்கூடிய ஓர் எளிய பிரவுசர். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, வரி வரியாக எழுத்து வரும், இணைப்புகளுக்கு எண் இருக்கும், எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போகும். லைன் மோட் பிரவுசர் என்று பெயர். நெக்ஸ்ட் இல்லாத ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் வலையைத் தொட்டுப் பார்த்தது அதன் வழியாகத்தான். 1991 கோடையின் முடிவில் அவர் படிப்பை முடிக்கத் திரும்பிப் போய்விட்டார், அப்புறம் மறுபடி வந்து மேக்கின்டோஷ் பிரவுசரிலும் வேலை செய்தார். கவனியுங்கள், அவரை யாரும் வலையைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. இருக்கிற ஒன்று இன்னும் நாலு இடத்தில் ஓடவேண்டும், அதற்கு வழி செய் என்றார்கள்.

இப்போது அந்த நிபந்தனை. பெல்லோவின் புரோகிராமுக்குப் பின்னால் அதைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பல இன்டர்ன்ஷிப் ப்ராஜெக்டுகளுக்கு அது கிடையாது. ஒன்பது வாரம் என்பதை அப்படியே ஒன்பது வாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் வாரம் அடையாள அட்டை, அக்கவுண்ட், எந்த கிளஸ்டருக்குள் நுழைய யாரிடம் அனுமதி என்பதிலேயே போய்விடும். ஜூலை முழுக்கக் காலையில் விரிவுரைகள் இருக்கும், கேட்காமல் விட மனசு வராது. கடைசி வாரம் ரிப்போர்ட், பிரசன்டேஷன். நடுவில் மிஞ்சுவது ஐந்தாறு வாரம். அந்த ஐந்தாறு வாரத்தில் ஒரு மாணவர் தனியாக, புதிதாக ஒரு டேஷ்போர்டை எழுதி, தன் பெயரில் ஒரு ரெப்போவில் (புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் இடம்) போட்டுவிட்டு, செப்டம்பரில் கல்லூரிக்குத் திரும்பினால் அதற்கு என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அடுத்த மார்ச்சில் ஏதோ ஒரு லைப்ரரியின் வெர்ஷன் மாறும், டேஷ்போர்டு திறக்காது, எழுதியவர் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார், வழிகாட்டும் மென்டருக்கு அடுத்த இன்டர்ன் வந்திருப்பார், அவருக்குப் புதிதாக இன்னொரு டேஷ்போர்டு!

ஆகவே ப்ராஜெக்ட் பட்டியல் கையில் வந்தால் தலைப்பைப் பார்த்து மயங்காதீர்கள். "செயற்கை நுண்ணறிவைக் கொண்டு" என்று ஆரம்பிக்கும் ப்ராஜெக்டைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளில் ஒரு ஓட்டையை அடைக்கச் சொல்லும் ப்ராஜெக்ட் எவ்வளவோ மேல். மென்டரிடம் கேட்கவேண்டியது: நான் எழுதுவது எந்த ரெப்போவுக்குள் போகும், அதை யார் ரிவ்யூ செய்வார்கள், நான் போன பிறகு அதில் பக் வந்தால் யாருக்குப் போகும்? இதற்குத் தெளிவாகப் பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஓப்பன்லேப் மாணவர்களின் ரிப்போர்ட்டுகள் பல ஜெனோடோவில் பொதுவாகவே கிடைக்கின்றன, நாலைந்தைப் புரட்டுங்கள். ஜெனோடோவே 2013-இல் செர்ன் ஆரம்பித்த ஆராய்ச்சிக் களஞ்சியம்தான். யார் வேண்டுமானாலும் டேட்டாவையும் புரோகிராமையும் போட்டு நிரந்தர அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம். கிட்ஹப்பில் இருக்கும் புரோகிராமை அதோடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண் கிடைத்துவிடும். கட்டுரை எழுதினால்தான் மதிப்பு, கோட் எழுதினால் நன்றியுரையில் ஒரு வரி என்றிருந்த நிலைமை மாற இதுவும் ஒரு சின்னக் காரணம். மாறிவிட்டதா என்றால் முழுசாக இல்லை. ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்று ஒரு பதவிப் பெயரே 2012-இல்தான் பிரிட்டனில் பிறந்தது, அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் போஸ்ட்டாக் என்ற பெயரிலேயே காலத்தை ஓட்டினார்கள்.

டேட்டாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஜேட் பரிசோதனை நல்ல உதாரணம். ஹாம்பர்கின் டெசி ஆய்வுக்கூடத்தில் 1979 முதல் 1986 வரை எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதியதைப் பதிவு செய்தது. பரிசோதனை முடிந்தது, எல்லோரும் கலைந்து போனார்கள். 90-களில், அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலுவிசையைப் பற்றிய கோட்பாடு நன்றாக முன்னேறியபோது, அந்த ஆற்றல் வரம்பில் எடுத்த பழைய டேட்டா மறுபடி தேவைப்பட்டது. புதிய முடுக்கிகள் எல்லாம் அதைவிட மிக அதிக ஆற்றலில் இருந்தன. சீக்ஃப்ரிட் பெத்கேயும் அவரோடு இருந்தவர்களும் டேப்களைத் தேடிப் பிடித்தார்கள், பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம்களை உயிர்ப்பித்தார்கள், முக்கியமான ஒரு எண்தொகுப்பு கணினியில் எங்குமே இல்லாமல் காகித அச்சுப்பிரதியாக மட்டும் மிஞ்சியிருந்ததால் அதை உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்ய வேண்டிவந்தது. கடைசியில் வலுவிசையின் வலிமை ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்பதற்கு அந்த டேட்டாவிலிருந்து நல்ல முடிவுகள் வந்தன. டேட்டா பிழைத்தது பெரும்பாலும் சில தனிமனிதர்களின் பிடிவாதத்தால்தான்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது, நூறு ஆண்டுக்கும் மேலான கண்ணாடித் தட்டுகளும் ஃபிலிம்களும். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இவற்றை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஸ்கேன் செய்ததோடு வேலை முடியாது, எந்தத் தட்டு எந்த நாள் எத்தனை மணிக்கு எடுத்தது, படத்தில் சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் சரியாக இருந்தால்தான் அதை அறிவியலுக்குப் பயன்படுத்தலாம். கணினி அறிவியல் படிக்கும் மதுரைப் பையனுக்கோ திண்டுக்கல் பெண்ணுக்கோ இதைவிடப் பொருத்தமான கோடை வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கொடுக்கும் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஎஸ்ஆர்பி என்ற மாணவர் ஆராய்ச்சித் திட்டம், மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி கோடை ஃபெலோஷிப் எல்லாம் இருக்கின்றன. ஃபாஸ்ஸி மட்டும் திறந்த மூல மென்பொருளுக்கென்றே நடப்பது, மற்றவற்றில் டேட்டா வேலை வேண்டுமானால் அப்படிப்பட்ட வழிகாட்டியை நாமே தேடிப் பிடிக்கவேண்டும்.

செர்னுக்கு நேரடியாகப் போக வேண்டுமானால் கோடைக்குள் குறைந்தது மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும், முனைவர் பட்ட மாணவராக இருக்கக் கூடாது. இந்தியா 2017 ஜனவரியிலிருந்து இணை உறுப்பு நாடு. பயணச் செலவுக்கும் தங்கிச் சாப்பிடவும் உதவித்தொகை வரும், மருத்துவக் காப்பீடும் உண்டு. ஜனவரி மாதம் இதற்கு விண்ணப்பிக்கும் காலம் என்று மனசில் வைத்துக்கொண்டு, அந்தந்த வருட அறிவிப்பில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசா, விமானம் எதுவும் இல்லாமல் இதே மென்பொருள்களில் வேலை செய்யவும் வழி இருக்கிறது. கூகுள் 2005-இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோடில், உயர் ஆற்றல் இயற்பியல் மென்பொருள் அமைப்பு ஒரு குடையாக நின்று செர்ன் சார்ந்த பல ப்ராஜெக்டுகளை வைக்கிறது. 2022-லிருந்து மாணவர் என்ற கட்டாயம்கூட இல்லை, 18 வயது முடிந்து திறந்த மூலத்துக்குப் புதியவராக இருந்தால் போதும். பணம் நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் திறனைக் கணக்கிட்டு இந்தியாவுக்குக் குறைவாகவும் சுவிட்சர்லாந்துக்கு அதிகமாகவும் தருகிறார்கள். ஒரே ரெப்போ, ஒரே ரிவ்யூ, வேறு வேறு சம்பளம். இது நியாயமா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் விண்ணப்பிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2018-இல் ஆரம்பித்த ஐரிஸ்-ஹெப் என்ற மென்பொருள் ஆய்வு அமைப்பும் இதே துறையில் மாணவர் ஃபெலோஷிப்கள் தந்திருக்கிறது. 2030 வாக்கில் முடுக்கியின் மேம்படுத்திய வடிவம் ஓடத் தொடங்கும்போது குவியப்போகும் டேட்டாவைச் சமாளிக்க இப்போதிருக்கும் மென்பொருள் போதாது என்பதுதான் அது பிறந்ததற்கே காரணம்.

இந்தப் போட்டிகளில் மதிப்பெண்ணைவிட, மென்டர்கள் கொடுக்கும் சோதனை வேலையை எப்படிச் செய்தீர்கள் என்பதற்கே எடை அதிகம். "சிறு வயதிலிருந்தே பிரபஞ்சத்தின் மேல் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் கட்டுக்கட்டாகப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பதில் செர்னின் திறந்த டேட்டா தளத்துக்குப் போங்கள், 2014-லிருந்து இயங்குகிறது, லாகின்கூட வேண்டாம். சிஎம்எஸ் 2012-இல் பதிவு செய்த மோதல்களிலிருந்து மியூவான் என்ற துகள்களை மட்டும் பிரித்துவைத்த ஒரு ஃபைல் அங்கே இருக்கிறது, சுமார் 2 ஜிபி, உள்ளே 6 கோடிக்கும் மேற்பட்ட நிகழ்வுகள். இலவச ரூட் மென்பொருளிலோ பைத்தானிலோ திறந்து, எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு மியூவான்களின் கூட்டு நிறையைக் கணக்கிட்டு வரைந்தால் 3.1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் ஜே/சை, 9.5 பக்கம் அப்சிலான், 91-இல் இசட் என்று ஒவ்வொரு துகளுக்கும் முகடுகள் எழுந்து நிற்கும். ஒரு சாதாரண லேப்டாப்பில் மெமரி போதாமல் முதல் தடவை தொங்கும். அதை எப்படித் துண்டு துண்டாகப் படித்துச் சமாளித்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் டாக்குமென்டேஷன் காலை வாரியது என்று எழுதி அனுப்புங்கள். டாக்குமென்டேஷனில் அந்த இடத்தைத் திருத்தி ஒரு புல் ரெக்வெஸ்டும் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) போட்டிருந்தால், மென்டர் உங்கள் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருப்பார்.